டிக்கெட் எடுத்தவன் வாய்க்குப் பூட்டா?

சனிக்கிழமை சம்பளம். ஞாயிற்றுக்கிழமை சினிமா. திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளிக்கு இது பல வருஷத்துப் பழக்கம்.

ஆறு நாள் பவர்டேபிளில் குனிந்து கிடந்தவன் ஏழாம் நாள் பெண்டாட்டி, பிள்ளைகளோடு தியேட்டருக்குப் போகிறான். டிக்கெட், ஸ்டாண்டு, பாப்கார்ன், பெட்ரோல் என்று கூட்டிப் பார்த்தால் ஒரு நாள் கூலி காலி! படம் நன்றாக இருந்தால் போன காசு போகட்டும். இல்லாவிட்டால்? திங்கட்கிழமை காலை டீக்கடையில் வயிற்றெரிச்சலைக் கொட்டுவான்.

"ஏனுங்கண்ணா, படம் எப்படிங்க?"

"மொதப் பாதி பரவால்லீங்க. ரெண்டாம் பாதி ஒரே இழுவைங்க. குடும்பத்தோட போயிராதீங்க!"

இதுதான் விமர்சனம். முன்பெல்லாம் டீக்கடையில் பத்துப் பேர் காதில் விழுந்து அதோடு முடிந்தது. இப்போது அதே ஆள் செல்போனைப் பார்த்துப் பேசினால் லட்சம் பேர் கேட்கிறார்கள். கட்டிங் மாஸ்டர், ஜவுளிக்கடைப் பையன், காலேஜ் மாணவன் என்று பலபேர் வேலை நேரம் போக இதைப் பொழுதுபோக்காகவே வைத்திருக்கிறார்கள். சினிமாக்காரர்களின் தூக்கம் கெட்டதற்கு இதுதான் காரணம்.

ஐகோர்ட்டுக்குப் போன விவகாரம்

2024 நவம்பர் 14-ந்தேதி சூர்யா நடித்த 'கங்குவா' வெளியானது. முதல் நாளே சரமாரியாக விமர்சனம். ஆறு நாள் கழித்துத் தயாரிப்பாளர்கள் சங்கம் ஓர் அறிக்கை விட்டது. அந்த வருஷம் வந்த 'இந்தியன் 2', 'வேட்டையன்', 'கங்குவா' ஆகிய படங்கள் யூ டியூப் விமர்சனங்களால் பெரிதும் பாதிக்கப்பட்டனவாம். ஆகவே தியேட்டர் வளாகத்துக்குள் யூ டியூப்காரர்களை விடக்கூடாது என்று தியேட்டர் அதிபர்களைக் கேட்டுக்கொண்டது.

அதோடு நிற்கவில்லை. நடப்பு தயாரிப்பாளர்கள் சங்கம் சென்னை ஐகோர்ட்டுக்கே போனது. படம் வெளியாகி முதல் மூன்று நாட்களுக்கு இணையதளங்களில் விமர்சனமே கூடாது என்று தடை போடவேண்டும் என்பது கோரிக்கை. டிசம்பர் 3-ந்தேதி நீதிபதி சவுந்தர், தடை போட மறுத்துவிட்டார். விமர்சனம் என்பது கருத்துச் சுதந்திரம் என்றார். மத்திய, மாநில அரசுகளுக்கும் யூ டியூப்புக்கும் நோட்டீஸ் போனது. 2025-ல் நடிகர் விஷாலும் மூன்று நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுப் பார்த்தார்.

பக்கத்துக் கேரளாவில் நிலைமை இன்னும் சூடு. 2023 அக்டோபரில் கொச்சி போலீசார், படத்தை வேண்டுமென்றே மட்டம் தட்டி விமர்சனம் போட்டதாக வழக்கே பதிவு செய்தார்கள். அங்கே ஐகோர்ட்டுக்கு உதவ நியமிக்கப்பட்ட வக்கீல், 48 மணி நேரம் விமர்சனம் வேண்டாம் என்று யோசனை சொன்னார்.

மூன்று நாள், 48 மணி நேரம் என்கிறார்களே, இதில் உள்ள சூட்சுமம் என்ன?

படம் வருவது பெரும்பாலும் வெள்ளிக்கிழமை. மூன்று நாள் என்றால் வெள்ளி, சனி, ஞாயிறு! அதாவது தொழிலாளிக்கு லீவு கிடைக்கிற ஒரே நாள் முடிகிறவரைக்கும் யாரும் வாயைத் திறக்கக்கூடாது. அவன் பணம் கல்லாவில் விழுந்த பிறகு, திங்கட்கிழமை "படம் சுமார்" என்று சொன்னால் போதும். இது எந்த ஊர் நியாயம்?

செக்கிங் இல்லாமல் சரக்கு போகுமா?

திருப்பூர்க்காரனுக்கு இதைப் புரியவைக்கப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2024-25-ல் சுமார் 40 ஆயிரம் கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊர் இது. ஒரு பனியன் கூட செக்கிங் டேபிளைத் தாண்டாமல் பெட்டிக்குள் போகாது. கம்பெனி செக்கிங் முடிந்தாலும் பையரின் ஆள் வந்து பெட்டியைப் பிரித்துப் பார்ப்பான். ஓட்டை, கறை, தையல் விட்டது என்று கண்ணில் பட்டால் லாட்டையே திருப்பிவிடுவான். "மூன்று நாளைக்குப் பார்க்காதே, சரக்கு முதலில் கப்பல் ஏறட்டும்" என்று எந்த முதலாளியாவது பையரிடம் சொல்ல முடியுமா?

பழுதான பீஸ் என்ன ஆகிறது? காதர்பேட்டைக்கு வருகிறது. 'செகண்ட்ஸ்' என்று சொல்லியே பாதி விலைக்கும் கால் விலைக்கும் விற்கிறார்கள். வாங்குகிறவன் தெரிந்துதான் வாங்குகிறான். சினிமாவில் செகண்ட்ஸுக்குத் தனி விலை உண்டா? கதையில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை இருந்தாலும் அதே டிக்கெட்தான். பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

தியேட்டர் அதிபர் திருப்பூர் சுப்பிரமணியம் எந்தப் படம் வசூல், எந்தப் படம் நஷ்டம் என்று வெளிப்படையாகப் பேசுகிறவர். கோடம்பாக்கமே காது கொடுத்துக் கேட்கிறது. தியேட்டர்காரர் பேசலாம், டிக்கெட் வாங்கினவன் பேசக்கூடாதா?

விமர்சனத்தால் படம் படுத்துவிடும் என்கிறவர்கள் இன்னொரு கணக்கைச் சொல்வதில்லை. வாங்க ஆளில்லாமல் தயாரிப்பாளர் ராஜ்கண்ணு தானே 1977-ல் வெளியிட்ட படம் 'பதினாறு வயதினிலே'. ஆனந்த விகடன் அதற்கு 62.5 மார்க் போட்டது. படம் வெள்ளி விழா கண்டது. அவ்வளவு தூரம் போவானேன்? 'கங்குவா' வந்த அதே 2024-ல்தான் 'லப்பர் பந்து' வந்தது. 2025 மே மாதம் சூர்யாவின் 'ரெட்ரோ' வந்த அன்றே 'டூரிஸ்ட் ஃபேமிலி' வந்தது. பெரிய ஹீரோ இல்லை, கட்அவுட் இல்லை, பாலாபிஷேகம் இல்லை. பார்த்தவன் "நல்லா இருக்குங்க" என்றான். தியேட்டர் நிறைந்தது. அப்போது மட்டும் அந்த வாய் இனித்ததா?

ஆனால் ஒன்று.

செக்கிங் பெண் பழுதைக் கண்டால் என்ன செய்கிறாள்? அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுகிறாள். "இங்கே தையல் விட்டிருக்கிறது" என்று காட்டுகிறாள். தைத்த டைலரின் ஜாதி என்ன, அவன் மூக்கு எப்படி, அவன் சம்சாரம் எப்படி என்று அவள் பேசுவதில்லை. பேசினால் சூப்பர்வைசர் சும்மா விடமாட்டார். விமர்சனம் என்ற பெயரில் நடிகையின் உடம்பை அளந்து கேலி பேசுகிற பையன்களுக்கும், இடைவேளையிலேயே வெளியே ஓடிவந்து மைக் முன்னால் நிற்கிறவர்களுக்கும் இது உறைக்கவேண்டும். முழுப் பீஸையும் பார்க்காமல் ரிஜெக்ட் போடுகிற செக்கரை எந்தக் கம்பெனியும் வைத்துக்கொள்ளாது. படக்குழுவினர் கோபப்படுவதில் இந்த அளவுக்கு நியாயம் உண்டு. பல கோடி கடன் வாங்கிப் படம் எடுத்தவன் மனுஷன் இல்லையா? அவதூறு என்றால் வழக்குப் போடச் சட்டம் இருக்கிறது. அதற்காக எல்லார் வாயையும் பூட்டத் தேவையில்லை.

பணம் கைமாறினால்...

பொழுதுபோக்கு பிழைப்பாக மாறும் இடத்தில்தான் ஆபத்து. பணம் வாங்கிக்கொண்டு 'ஆஹா ஓஹோ' என்பதும், பணம் வராவிட்டால் கிழிப்பதும் விமர்சனமே அல்ல. காசு வாங்கிப் புகழ்ந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்று 2023 ஜனவரியிலேயே மத்திய அரசு நெறிமுறை வெளியிட்டது. மீறினால் 10 லட்ச ரூபாய் வரை அபராதம் விதிக்க நுகர்வோர் சட்டத்தில் இடம் உண்டு.

எழுத்தை வைத்து மிரட்டும் வேலை தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. 'சினிமா தூது', 'இந்துநேசன்' பத்திரிகைகளில் நட்சத்திரங்களின் சொந்த வாழ்க்கையைச் சந்தி சிரிக்க வைத்தவர் லட்சுமிகாந்தன். 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் கத்திக்குத்துப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் ஜெயிலுக்குப் போய், பிரிவி கவுன்சில் வரை போராடி 1947-ல் விடுதலையானார்கள். எழுதினவர் உயிர் போனது. எழுதப்பட்டவர்களின் வாழ்க்கையும் பாழானது.

இன்னொரு விஷயம் பல பையன்களுக்குத் தெரிவதில்லை. படத்தைப் பற்றிப் பேசுவது குற்றமில்லை. ஆனால் தியேட்டருக்குள் திரையைச் செல்போனில் படம் பிடிப்பது குற்றம். 2023-ல் திருத்தப்பட்ட சினிமா சட்டப்படி குறைந்தபட்சம் 3 மாதம், அதிகபட்சம் 3 வருஷம் ஜெயில். அபராதம் குறைந்தது 3 லட்சம். "தலைவர் என்ட்ரி" என்று ஸ்டேட்டஸ் வைக்கப் போய் மாட்டிக்கொண்டால் மூன்று லட்சத்துக்கு எத்தனை சனிக்கிழமை சம்பளம் சேர்க்கவேண்டும்?

தயாரிப்பாளர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. சரக்கு மேல் நம்பிக்கை இருந்தால் படத்தை இரண்டு நாள் முன்னதாகவே பத்திரிகைக்காரர்களுக்கும், இந்தப் பொழுதுபோக்கு விமர்சகர்களுக்கும் போட்டுக் காட்டலாம். சில சின்னப் படக்காரர்கள் துணிந்து செய்கிறார்கள். பெரிய படக்காரர்கள்தான் தயங்குகிறார்கள்.

தீபாவளிக்குப் பனியன் கம்பெனிகளில் போனஸ் பட்டுவாடா ஆகும். பெரிய நடிகர்களின் படங்களும் அந்த வாரம்தான் வரும். போனஸ் பணத்தோடு புஷ்பா தியேட்டர் ஸ்டாப்பில் பஸ்சுக்கு நிற்கிறவன், பக்கத்தில் நிற்கிறவனிடம் கேட்கத்தான் போகிறான்: "படம் தேறுமாங்க?"