புள்ளிவிவரமும் பொருந்தா முடிவுகளும்

தில்லி நகரின் தென்பகுதியிலுள்ள ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மீனும் இறைச்சியும், பிற கடைவீதிகளில் எளிதிற் கிட்டாத காய்கறிகளும் விற்பனையாகின்றன. வங்காளிகளும் மலையாளிகளும் தமிழரும் அதனை நாடி வருவது வழக்கம். உணவுப் பழக்கத்தை ஆராயும் ஒருவர் அங்கு வருவோருள் இருநூறு பேரை வினவி, தில்லிவாசிகளிற் பெரும்பாலார் வாரந்தோறும் மீன் உண்கின்றனர் என முடிவு கட்டுவதாக வைத்துக்கொள்க. கூட்டலிற் பிழையிராது, விகிதாசாரமும் சரியாகவே இருக்கும். ஆயினும் முடிவு பொய். மீன் வாங்க வந்தவரிடமே மீன் உண்பதுண்டா என்று கேட்டிருக்கிறார்! இருநூறு பேரை இரண்டாயிரமாக்கினாலும் இக்குறை நீங்காது. பொய்க்கு மேலும் சற்று மதிப்புக் கூடும், அவ்வளவே.

அதே மார்க்கெட்டில் இருபது மசாலாப் பொருள்களை வாங்கி, ஒவ்வொன்றும் ஒரு நோயைத் தணிக்குமா என ஒருவர் சோதிக்கிறார் என்க. எதற்குமே அக்குணம் இல்லையெனினும், நூற்றுக்கு ஐந்து என்னும் வழக்கமான அளவுகோலின்படி, ஏதேனும் ஒன்றாவது தற்செயலாகத் தேறிவிடுவதற்கு நூற்றுக்கு ஏறத்தாழ 64 பங்கு வாய்ப்புண்டு. தேறிய ஒன்றை அச்சிட்டு, தேறாத பத்தொன்பதை மறைப்பது விஞ்ஞானமாகாது. இவ்வளவுகோலைத் தாண்டியதனால் மட்டும் ஒரு முடிவு உண்மையாகிவிடாது என்று அமெரிக்கப் புள்ளியியற் சங்கம் 2016-ல் அறிக்கையே வெளியிட நேர்ந்தது. எத்தனை சோதனைகள் செய்யப்பட்டன என்று கூறாத கட்டுரையைப் பத்திரிகைகள் திருப்பியனுப்புவதே முறை.

எல்லாப் பிழையும் வஞ்சகத்தால் விளைவதன்று. பயிர் அறுவடைச் சோதனைக்கு மிகச் சிறிய பாத்தியை எடுத்தால், எல்லையோரச் செடிகளை உள்ளே சேர்த்துக்கொள்ளவே கை நீளுகிறது. பாத்தி சிறுக்கச் சிறுக்க, பரப்பை நோக்க எல்லையின் நீளம் மிகுகிறது. விளைச்சலும் மிகைப்பட்டே வரும். வேளாண்மைப் புள்ளியியலறிஞர் பி. வி. சுகாத்மே 1940-களில் இதனை வயலிலேயே சோதித்துக் காட்டினார். கயிறு பிடிக்கும் கள ஊழியர் இதனை அறிந்திராவிடில், பின்னர் அலுவலகத்தில் எத்துணை நுட்பமாகக் கணக்கிட்டும் பயனில்லை.

எண்களை ஐயத்தோடு நோக்குபவருக்கு அவையே துணையாவதுமுண்டு. 1947-ல் பிரிவினைக் கலவரத்தின்போது தில்லிச் செங்கோட்டையில் தஞ்சம் புகுந்தோரின் தொகை எவருக்கும் தெரியவில்லை. உணவு வழங்கிய ஒப்பந்தக்காரரின் கணக்கு ஒன்றே இருந்தது. செலவோ மிகையாகத் தோன்றியது. அரிசி, பருப்பு, உப்பு ஒவ்வொன்றின் மொத்தத்தையும் ஆளொன்றுக்கு வேண்டிய அளவால் வகுத்துப் பார்த்தபோது, அரிசி காட்டிய தொகை மிகப் பெரிது. உப்பு காட்டியதோ மிகச் சிறிது. விலை மலிந்த உப்பில் பொய்க்கணக்கு எழுதி எவர் இலாபம் காண்பார்? புள்ளியியலறிஞர் ஜே. எம். சென்குப்தாவின் யோசனைப்படி உப்பின் கணக்கே கொள்ளப்பட்டது. ஹுமாயூன் கல்லறையிலிருந்த சிறிய முகாமில் அதே முறையைத் தனியே சரிபார்த்தபோது, விடை உண்மைத் தொகையை ஒட்டியே அமைந்தது.