நாளுக்கு ஒரு தசகம்

விடியற்காலையில் கோலமாவை விரல்களுக்கிடையே பிடிக்க இயலாமற் போனதே அந்த அம்மையாருக்கு நோய் தந்த முதல் அறிவிப்பு. திருப்பூர் காதர்பேட்டையில் அவருடைய கணவர் சிறிய பனியன் கடை ஒன்றை நடத்தி வருகிறார். கடைக்கு வரும் பனியன்களில் பிசிறு வெட்டுவதும், மடித்து அடுக்கிக் கட்டுவதும் முப்பது ஆண்டுகளாக அம்மையாரின் வேலை. அறுபத்திரண்டாம் வயதில் விரல் மூட்டுகள் வீங்கின. காலையில் எழுந்தபின் ஒரு மணி நேரத்துக்கு மேலாகியும் கைகள் விறைத்து மடங்க மறுத்தன. கத்தரிக்கோல் கனத்தது.

மருத்துவர் அதனை முடக்குவாதம் என்றார். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே வழி தவறி, மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்குவதால் உண்டாகும் அழற்சி அது. ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகப் பற்றுவது. கவனியாது விட்டால் எலும்பை அரித்து விரல்களைக் கோணச் செய்துவிடும். அதனை வேரோடு களையும் மருந்து இன்னும் இல்லை. ஆயினும் தொடக்கத்திலேயே சிகிச்சை பெறுவோரில் பலருக்கு நோய் அடங்கி, அன்றாட வாழ்வு மீள்கிறது.

அம்மையாருக்கு மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எழுதித் தரப்பட்டது. சில மாதங்களில் வீக்கம் தணிந்தது. அவ்வேளையில் உறவினர் ஒருவர், "நாராயணீயம் பாடியே பட்டத்திரிக்கு வாதம் தீர்ந்துச்சுங்களே, உங்களுக்கு மாத்திரை எதுக்குங்க அக்கா?" என்றார். அம்மையார் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பாராயணத்தைத் தொடங்கினார். வீக்கம் திரும்பி வந்தது. வலியைவிடப் பெரிய துயரம் ஒன்று அவரை வாட்டியது. தம் பக்தியில் ஏதோ குறை இருப்பதால்தான் குருவாயூரப்பன் செவிசாய்க்கவில்லை என்று எண்ணி, நூலை மூடிப் பூஜையறையில் வைத்துவிட்டார்.

நெடுநாள் நோயுற்ற பக்தர் பலர் இத்துயரத்தை வெளியே சொல்லாமல் சுமக்கின்றனர். அவர்களுக்காகவேனும் பட்டத்திரியின் வரலாற்றை ஒருமுறை நிதானமாக நோக்குதல் நலம்.

மேல்பத்தூர் நாராயண பட்டத்திரி 1560ஆம் ஆண்டில், பாரதப்புழைக் கரையிலுள்ள திருநாவாய்க்கு அருகே பிறந்தவர். அவருடைய குரு திருக்கண்டியூர் அச்சுதப் பிஷாரடி, இலக்கணத்திலும் வானியலிலும் பேரறிஞர். குருவை வாத நோய் வருத்தக் கண்ட சீடர், அந்நோயைத் தம்மேல் ஏற்றுக்கொண்டார் என்பது மரபுவழிச் செய்தி. ஆக, அவருக்கு நோய் வந்தது பக்திக் குறையால் அன்று, அன்பின் மிகுதியால்.

நடக்கவியலாத நிலையில் குருவாயூர் சேர்ந்த பட்டத்திரி, எழுத்தச்சனிடம் வழி கேட்டனுப்பினாராம். 'மீனில் தொடங்குக' என்று விடை வந்தது. மற்றவர் திகைக்க, மச்சாவதாரம் முதலாக இறைவனின் அவதாரங்களைப் பாடுவதே அதன் பொருள் என்று அவர் உணர்ந்தார். பாகவதத்தைச் சுருக்கி, நாளுக்கு ஒரு தசகமாக நூறு தசகங்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுலோகங்கள் பாடினார்.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பெரும்பாலான தசகங்களின் இறுதியில், 'என் நோயை நீக்குவாய்' என்னும் விண்ணப்பம் மீண்டும் மீண்டும் வருகிறது. முதல் நாளே நோய் நீங்கியிருந்தால் மறுநாள் அவ்வேண்டுதலுக்கு இடமேது? நேற்றைய வலி இன்றும் இருந்தது. இருந்தும் இன்றைய தசகத்தை அவர் பாடினார். கேசாதிபாத தரிசனத்தைப் பாடும் நூறாம் தசகம், 1586ஆம் ஆண்டு விருச்சிக மாதம் 28ஆம் நாள் நிறைவுற்றது. ஆயுளும் ஆரோக்கியமும் சுகமும் வேண்டி முடியும் அதன் இறுதிச் சொற்களே, எழுத்தெண் கணக்கில் அந்நாளின் கலி நாளெண்ணையும் குறிக்கின்றன. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தாறு. 'பிரக்ரியா சர்வஸ்வம்' என்னும் பெரிய இலக்கண நூலை இயற்றியது அதற்குப் பின்னரே.

மருந்துக்கும் இறையருளுக்கும் பகையில்லை. பாற்கடலிலிருந்து தன்வந்திரி அமுத கலசத்துடன் எழுவதைப் பட்டத்திரியும் பாடியுள்ளார். திருவரங்கத்தில் தன்வந்திரிக்குத் தனிச் சந்நிதியே இருக்கிறது. மருத்துவத்தை இறைவனின் திருக்கோலமாகவே கண்ட மரபு நம்முடையது.

இவ்வரலாற்றை முழுமையாக அறிந்தபின் அம்மையார் மீண்டும் மருத்துவரிடம் சென்றார். முடக்குவாதத்துக்கு இம்மாத்திரை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உட்கொள்ளத்தக்கது. மறதியால் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். எனவே குருவாயூரப்பனுக்குரிய வியாழக்கிழமையையே மாத்திரைக்கும் உரிய நாளாக அவர் குறித்துக்கொண்டார். மருத்துவர் சொன்ன தவணையில் இரத்தப் பரிசோதனையும் தவறுவதில்லை. சில மாதங்கள் கழித்துக் கோயம்புத்தூர், பாலக்காடு வழியாகத் திருச்சூர் வரை இரயிலில் சென்று குருவாயூரப்பனைத் தரிசித்து வந்தார்.

இப்போது கத்தரிக்கோல் மீண்டும் அவர் கைக்கு அடங்குகிறது. அரை மணிக்கொருமுறை ஓய்வு கொடுத்தே பிசிறு வெட்டுகிறார். பதினைந்து புள்ளிக் கோலம் ஏழு புள்ளியாகச் சுருங்கியிருக்கிறது. சில காலைகளில் விரல்கள் இன்னும் விறைப்பதுண்டு. அத்தகைய நாள்களில் பேத்தி கோலமிட, அம்மையார் வாசற்படியில் அமர்ந்து அன்றைய தசகத்தை வாசிக்கிறார்.