படலை திறவாவிடில் வீட்டை இடிப்பதா?

சென்ற ஞாயிறு மாலை, முன்பு எம்மிடம் பயின்று இப்பொழுது பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டிற் கற்கும் மாணவி ஒருத்தி, பழைய மடிக்கணினி ஒன்றை அணைத்தவண்ணம் எம் இல்லத்துக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது.

"சேர், என் ஆய்வுக் கட்டுரை முழுவதும் இதற்குள்ளேதான். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். கடையிலே, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றுவதுதான் வழி என்கிறார்கள்."

"பிரதி எடுத்து வைத்தாயா, பிள்ளை?" என்றோம். தலை குனிந்தாள்.

அக்கணினியில் விண்டோசும் உபுண்டு லினக்சும் அருகருகே குடியிருந்தன. விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இல் முடிவடைந்தபின், பழைய கணினியைக் கைவிட மனமில்லாதார் இவ்வாறு செய்வதுண்டு. இரண்டில் எது வேண்டுமெனத் தொடக்கத்திலேயே கேட்டு வழிவிடும் வாயிற்காவலனுக்குக் 'கிரப்' என்று பெயர். இடம் போதவில்லையென்று, வெறுமையாய்க் கிடந்த பிரிவொன்றை மாணவி அழித்தாள். மறுமுறை கணினியை இயக்கியபோது, அத்தகைய பிரிவு இல்லை என்று பொருள்படும் ஓர் ஆங்கில வரியும் 'கிரப் ரெஸ்கியூ' என்ற சொற்களுமே கருந்திரையிலே தோன்றின.

நிகழ்ந்தது யாது? இத்தகைய பழைய கணினி, வன்தட்டின் முதற் கூறாகிய 512 பைற்றையே முதலிற் படிக்கும். அதிலே தொடக்க நிரலுக்குரியது 446 பைற்று. பிரிவுகளின் அட்டவணைக்கு 64 பைற்று. அவ்வளவு சிறிய இடத்திற் காவலன் முழுமையாகக் குடியிருத்தல் இயலுமா? ஆகவே அவன் தன் உடைமைகளிற் பெரும்பாலானவற்றை லினக்ஸ் பிரிவில் வைத்து, அப்பிரிவின் இலக்கத்தை மட்டும் குறித்துக்கொள்கிறான். இங்கே அவ்விலக்கம் 6. இவ்வகைத் தட்டில் உட்பிரிவுகளின் இலக்கம் 5 இலிருந்து தொடங்கும். ஒன்று அழிந்தால் அடுத்தவை முன்னே நகரும். 5 அழிந்தது, 6 ஐந்தாயிற்று. காவலனோ ஆறாம் இலக்க வீட்டைத் தேடிக் காணாது மயங்கி நின்றான். வீடு இருந்த இடத்திலேயே இருந்தது.

அக்கருந்திரையில் 'எல்எஸ்' என்று தட்டினோம். பிரிவுகளின் பெயர்கள் வந்தன. ஒவ்வொன்றையும் அக்கட்டளையாலேயே சோதித்து, 'பூட்' என்னும் கோப்புறை உள்ள பிரிவைக் கண்டோம். 'செற்' கட்டளையால் 'பிரிஃபிக்ஸ்' என்ற குறிப்பிலே புதிய இலக்கத்தைப் பதித்து, 'இன்ஸ்மொட் நோர்மல்', 'நோர்மல்' என்ற இரண்டையும் இட்டோம். தெரிவுப் பட்டியல் தோன்றிற்று! உபுண்டுவினுட் புகுந்து, 'கிரப் இன்ஸ்ரோல்' கட்டளையை வன்தட்டின் பெயரோடு இட்டுத் திருத்தத்தை நிலைப்படுத்தினோம். 'அப்டேற் கிரப்' பட்டியலைப் புதுப்பித்தது. கட்டுரையில் ஓரெழுத்தும் குறையவில்லை. புதிய கணினிகளில் அமைப்பு வேறு. அவற்றிலே இரு தளங்களின் காவலரும் தனியான சிறு பிரிவொன்றிலே வசிப்பர். தொடக்க வரிசையை மாற்றினாலே பல வேளைகளிற் குறை தீரும்.

விடைபெற எழுந்தவளை மறித்து, கட்டுரையைப் பென் டிரைவ் ஒன்றிற் பிரதி செய்வித்த பின்னரே அனுப்பினோம்.

படலை திறக்கவில்லையென்று வீட்டையே இடிப்பாருளரோ? "அழித்துவிடு" என்பது எளிதான ஆலோசனை. அழித்தபின் மீட்டல் அரிது. எது பழுதுற்றது, எது பழுதுறவில்லை என்று முதலில் ஆராய்ந்து பார்ப்பதே அறிவுடைமை. பெற்றோரே, பிள்ளை இவ்வாறு கலங்கி வரும்போது ஏசாதீர்கள். பொறுமையாய் அமர்ந்து, என்ன செய்தாயென்று கேளுங்கள். பழுதின் காரணம் பெரும்பாலும் அவ்விடையிலேயே இருக்கும்.