பரோட்டாவுக்குப் பத்தியம்

அக்கா மகன் வளர்க்கும் பாம்புக்கு வயிற்றில் தீக்காயம். பாம்பின் பெயர் பரோட்டா. பால் பைதன் என்கிற சின்ன மலைப்பாம்பு இனம். பயந்துவிட்டால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு உடம்பை அடுக்கடுக்காகச் சுற்றிக்கொள்ளும். அந்தக் கோலத்தில் பார்த்தவர்கள் யாரும் பெயருக்குக் காரணம் கேட்டதில்லை. பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா. கானா, டோகோ, பெனின் பக்கம் எலி வளையிலும் கறையான் புற்றிலும் பகலைக் கழிக்கிற ஜீவன், இங்கே மேடவாக்கத்தில் அடுக்குமாடி வீட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் குடியிருக்கிறது.

காயம் பட்ட விதத்தைக் கேட்டால் கோபம்தான் வரும். பெட்டியின் அடியில் சூடு கொடுப்பதற்கு ஒரு ஹீட் மேட். சூடு அளவு மீறாமல் பார்த்துக்கொள்ள ஒரு தெர்மோஸ்டாட். அதன் சென்சார் ஒயரை ஒட்டியிருந்த டேப் பிரிந்து, ஒயர் வெளியே தொங்கியிருக்கிறது. அறையிலோ ஏசி ஓடுகிறது. அந்தக் குளிர்காற்றை அளந்த சென்சார், ராத்திரி முழுக்க "இன்னும் சூடு பத்தாது" என்றே சொல்லிக்கொண்டிருக்க, மேட் கொதித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பரோட்டா அதன் மேலேயே படுத்துக் கிடந்தது. சுட்டால் நாம் கையை உதறுகிற மாதிரி பாம்பு உடனே விலகிவிடும் என்று நம்ப முடியாது. கதகதப்பு கிடைத்த இடத்தில் கிடந்து வெந்துபோன பாம்புகள் ஏராளம் என்றார் டாக்டர்.

இந்த இனத்துக்குப் பெட்டியின் ஒரு பக்கம் 31, 32 டிகிரி, மறுபக்கம் 26 டிகிரி இருந்தால் போதும். அதாவது, ஏசி போடாத சென்னை. தை மாத ராத்திரிகளை விட்டால் ஹீட்டருக்கு இங்கே பெரிதாக வேலையே இல்லை. குளிர்தேசத்துக்காரர்கள் தங்கள் ஊருக்கு எழுதிய பராமரிப்புக் குறிப்பை வரி பிசகாமல் பின்பற்றி, தனக்காக அறையை 22 டிகிரிக்குக் குளிரவைத்து, பாம்புக்காக அடியில் அடுப்பு மூட்டியிருக்கிறான் பையன். படித்த பிள்ளை.

பாம்பு என்றதும் இரண்டு கிளினிக்குகளில் கையை விரித்துவிட்டார்கள். மூன்றாவதாகக் கிடைத்த டாக்டர் நிதானமானவர். திருப்பிப் பிடித்துக் காட்டினோம். பாம்பின் அடிவயிற்றுச் செதில்கள் அகலமானவை. ஒவ்வொன்றும் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே பட்டை. அதில் ஏழெட்டுப் பட்டைகள் சிவந்து, விளிம்பு தூக்கி, உள்ளே நீர் கோத்திருந்தது. தீக்காயத்தின் முழு ஆழமும் முதல் நாளே தெரியாது, சில நாள் போகட்டும் என்றார். அப்படியே அந்த இடம் பழுப்பேறிக் காய்ந்தது. சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு எழுதிக் கொடுத்தார். குக்கர் ஆவி கையில் பட்டால் நாம் தடவுகிற அதே வெள்ளைக் களிம்பு. வலிக்கு ஒரு மருந்து. கிருமி தொற்றாமலிருக்க செஃப்டாசிடைம் ஊசி, 72 மணி நேரத்துக்கு ஒரு முறை. பாம்பின் உடம்பு மருந்தை அவ்வளவு மெதுவாகத்தான் கழிக்கிறது. ஊசியும் உடம்பின் முன்பாதியில்தான் போட வேண்டுமாம்.

அக்கா அந்த அறை வாசலைத் தாண்ட மாட்டாள். ஆகவே கட்டுப் போடுகிற நேரத்தில் தலைப்பக்கம் பிடிப்பது நான். உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் அவன் ஒற்றும்போது என் உள்ளங்கையில் தசைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறுகித் தளரும். வலிக்கிறதா? முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. இமை இல்லாத கண் எப்போதும் ஒரே மாதிரிதான் பார்க்கும். நாக்கை நீட்டுகிறதா, உடம்பில் பிடிமானம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

நம் வீடுகளில் நோயாளியைக் கவனிப்பது என்றால் ஊட்டுவது, நீவிவிடுவது, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது. இதில் ஒன்றும் பரோட்டாவுக்கு ஆகாது. தொடத் தொட அதற்கு அலுப்பு. அலுப்பு கூடினால் காயம் ஆறாது. பெட்டியில் பரப்பியிருந்த தேங்காய் நார்த்தூளை அள்ளிவிட்டு வெறும் வெள்ளைத்தாள் விரிக்க வேண்டும், ஈரமானால் உடனே மாற்ற வேண்டும், தெர்மாமீட்டரைப் பார்க்க வேண்டும், மற்றபடி கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். பழைய பேப்பர் விரிக்கலாமா என்று கேட்டேன். அச்சடிக்காத தாளாக இருக்கட்டும் என்றார் டாக்டர். என் பத்தி வருகிற பக்கத்துக்குக் கிடைக்கவிருந்த ஒரு உபயோகமும் போயிற்று.

வீட்டு வேலைக்கு வரும் அம்மாள் முதல் வாரமே கேட்டார்: "ஒரு கிண்ணம் பால் வெச்சா தெம்பு வருமில்லம்மா?" ஆடிக்கு ஆடி புற்றுக்குப் பால் ஊற்றுகிறவர். பாம்பு பால் குடிக்காது என்றால் சிரிக்கிறார், நமக்குத்தான் விவரம் போதாது என்று. இது தின்பது எலி, அதுவும் செத்த எலி. உயிருள்ள எலியை உள்ளே விட்டால் அது பாம்பைக் கடித்துக் குதறிவிடும். வீட்டுப் பாம்புகள் டாக்டரிடம் போவதற்கு அதுவும் ஒரு காரணம். ஃப்ரீசரில் உறைந்த எலியைக் கவரோடு வெந்நீரில் போட்டுக் குளிர் விடவைத்து, இடுக்கியால் நீட்ட வேண்டும். இதற்காகவே தனி ஃப்ரிட்ஜ், அக்கா போட்ட நிபந்தனை. இப்போது பத்தியம்: பெரிய எலி விழுங்கினால் வயிறு விரிந்து காயம் பிளந்துவிடும் என்று குட்டி எலிதான், அதுவும் இடைவெளி விட்டு. வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். ஆரோக்கியமாக இருக்கும்போதே மாதக்கணக்கில் பட்டினி கிடக்கக்கூடிய இனம் இது. சமையலறைத் தராசில் டப்பாவோடு வைத்து எடை பார்த்துக்கொள்கிறோம். எடை இறங்கவில்லை.

பாம்பு வளர்ப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நம்மூர்ச் சாரையை வீட்டில் வைத்துக்கொள்ள 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. அடிபட்டுக் கிடந்தால்கூட வனத்துறைக்குத்தான் சொல்ல வேண்டும். மருந்து போட்டு வளர்க்கிறேன் என்று பெட்டியில் வைக்க முடியாது. அது சரியான சட்டம். வெளிநாட்டுப் பாம்புக்கு மட்டும் 2024இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்தால் போதும். பரோட்டாவுக்குக் காகிதம் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஆனால், பாங்காக்கிலிருந்து வருகிறவர்களின் பெட்டியில் துணிகளுக்கு நடுவே இதே பால் பைதன்கள் மூட்டையாகச் சென்னை விமான நிலையத்தில் பிடிபட்ட செய்தி எத்தனை முறை வந்துவிட்டது. ஒருவன் ஆசையாக வளர்த்தால் பத்துப் பேருக்கு ஆசை வருகிறது.

போன வாரம் கண்கள் பால்படிந்த மாதிரி மங்கின. சட்டை உரிக்கப் போகிறது என்பதற்கு அடையாளம். காயம்பட்ட பாம்பு அடிக்கடி உரிக்கும், ஒவ்வொரு உரிப்பிலும் புண் கொஞ்சம் சுருங்கும். உரித்து முடித்ததும் சட்டையை எடுத்துப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் கண்ணாடிக் காகிதமாக வரிசை தப்பாமல் இருக்க, வெந்த இடத்தில் மட்டும் கிழிந்து ஓட்டை. ஒட்டிக்கொண்டிருந்த துணுக்கைப் பிய்க்கப் போன பையனின் கையைத் தட்டிவிட்டேன். இழுத்தால் அடியில் இருக்கும் புதுத்தோலும் சேர்ந்து வரும். முழுக்க ஆற இன்னும் மாதங்கள் ஆகலாம். தழும்பு எப்படியும் நிற்கும்.

இந்த இனம் வீட்டில் இருபது, முப்பது வருஷம்கூட இருக்கும். அக்காவுக்கு இப்போது கவலை அதுதான். பையனுக்குப் பெண் பார்க்கிறார்கள். "வர்றவ எலிக்கு வெந்நீர் வெச்சுக் குடுப்பாளாடி?" என்கிறாள் என்னிடம். "முதல் தடவை பேசும்போதே கேட்டுடறேன் சித்தி" என்கிறான் அவன். கேட்கட்டும். சம்பளம் எவ்வளவு, சொந்த வீடு இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால் அதைக் கேட்பதுதான் ஒழுங்கு என்று எனக்கும் படுகிறது.