நோயாளியும் நானே, சமையற்காரியும் நானே

தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி. முட்டையை முழுதாக வேகவை. காய்ச்சாத பால் கூடாது. விடாமல் இருமுகிறவரை நெருங்காதே.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு சால்மோனெல்லா, காசநோய் போன்ற பாக்டீரியத் தொற்றுகள் வராமல் தடுக்கச் சொல்லப்படும் அறிவுரைகள் இவை. ஒவ்வொன்றும் சரிதான். ஆனால் இவற்றை எழுதியவர் மனதில் இருந்த நோயாளி ஓர் ஆண். அவருக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்க வீட்டில் யாரோ இருக்கிறார்கள்.

ராஜபாளையத்தில் அந்த யாரோ நான்தான். எனக்கும் எச்.ஐ.வி. உண்டு. கணவருக்குக் காசநோய் வந்தபோது சளி ஏந்தியவள் நான். நெருங்காதே என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மனைவி நெருங்காமல் வேறு யார் நெருங்குவது? 'உனக்கு இருமல் உண்டா?' என்றும் ஒருவரும் கேட்கவில்லை. மறுவருஷம் எனக்கும் வந்தது. 'உடம்பு தேறட்டும்' என்று மாமியார் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் நீட்டினார். பாசம்தான். ஆனால் அறிவுரை அந்த அடுப்படி வரை வரவே இல்லை.

தடுக்க வழி இல்லாமல் இல்லை. காசநோய் இல்லை என்று உறுதியானவர்களுக்கு ஐசோனியாசிட் மாத்திரை, பி6 வைட்டமினோடு, தினமும் 6 மாதம். சி.டி.4 எண்ணிக்கை 350க்குக் கீழே போனால் கோட்ரைமாக்சசோல். எல்லாவற்றுக்கும் அடிப்படை, ஒருநாளும் விடாத ஏ.ஆர்.டி. அரசு மையத்தில் இவை இலவசம்.

மாத்திரைக்கு விலை இல்லை. அதை வாங்கப் போகும் நாளுக்கு உண்டு. மில்லில் ஒரு ஷிப்ட் கூலி போகும். 'ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்கு வேண்டுதல்' என்று சூப்பர்வைசரிடம் பொய் சொல்வேன். பஸ்ஸில் இருந்தே கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு, இறங்காமல் விருதுநகர் போவேன். எச்.ஐ.வி.யைக் காட்டி வேலையை விட்டு நீக்கக் கூடாது என்ற 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. ஆனாலும் மாதாமாதம் ஆண்டாள்தான் எனக்கு லீவு வாங்கித் தந்தாள்.

தொற்று வந்தால் 'ஒழுங்காக மாத்திரை சாப்பிடவில்லை' என்று பழி பெண் மேல் விழுகிறது. கூலியைப் பற்றி, பொய்யைப் பற்றி, யார் அடுப்படியில் நிற்கிறார்கள் என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை.

எனக்கு வேண்டியது இவைதான். காரணம் கேட்காமல், கூலியோடு, மாதம் ஒருநாள் விடுப்பு. கணவனுக்குக் காசநோய் என்று தெரிந்த அன்றே மனைவிக்கும் பரிசோதனை. அப்புறம், அந்த அறிவுரைகளை ஆண்களை உட்காரவைத்துச் சொல்லுங்கள். வெந்நீர் வைக்க அவர்களுக்கும் கை இருக்கிறது.