வெறும் டயட் இல்ல.. நேரத்தையே விழுங்கும் ஈட்டிங் டிஸ்ஆர்டர்! வீட்டில் எதை கவனிக்கணும்?

"பசிக்கலம்மா", "அப்புறம் சாப்பிடுறேன்".. வீட்டில் ஒருவர் தினமும் இப்படிச் சொன்னால் நாம் முதலில் பார்ப்பது எடையைத்தான். ஆனால் பார்க்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. அவருடைய நேரம்!

ஈட்டிங் டிஸ்ஆர்டர் என்றால் என்ன?

இது உணவு சார்ந்த மனநல பாதிப்பு. எடை கூடிவிடும் என்ற பயத்தில் சாப்பாட்டை மிகவும் குறைப்பது அனோரெக்சியா. கட்டுப்பாடில்லாமல் சாப்பிட்டுவிட்டு, அதை ஈடுகட்ட வாந்தி எடுப்பது, பட்டினி கிடப்பது புலிமியா. ஈடுகட்டாமல் அடிக்கடி அளவுமீறிச் சாப்பிடுவது பிஞ்ச் ஈட்டிங். ஆண், பெண் யாருக்கும் வரலாம். ஒல்லியாக இருப்பவர்களுக்குத்தான் வரும் என்பதும் இல்லை.

நேரம் எங்கே போகிறது?

அடுத்த வேளை எதைத் தவிர்ப்பது, வீட்டில் என்ன காரணம் சொல்வது.. யோசனை முழுக்க இதிலேயே ஓடும். கண்ணாடி, எடை மெஷின், உடற்பயிற்சி என மிச்ச நேரமும் போய்விடும். புத்தகம் திறந்திருக்கும், பாடம் மண்டையில் ஏறாது. கல்யாண பந்தி, நண்பர்களோடு ஹோட்டல் என்றாலே 'நான் வரல' என்பதுதான் பதில்.

இந்த பாதிப்பை அளக்க 'சிஐஏ' என்ற 16 கேள்விகள் கொண்ட படிவம் உள்ளது. கடந்த 28 நாட்களில் கவனம், ஞாபகம், வேலை, உறவுகள், பிறரோடு சேர்ந்து சாப்பிடுவது எந்த அளவு பாதிக்கப்பட்டன என்று அது கேட்கிறது. எத்தனை கிலோ என்று ஒரு கேள்விகூட இல்லை!

இது பிடிவாதமா?

இல்லை. 1944-45ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஆறு மாதம் உணவு ஏறக்குறைய பாதியாகக் குறைக்கப்பட்டது. விளைவு? பேச்சு முழுக்க சாப்பாடு. சமையல் புத்தகங்களைப் படித்தார்கள். தட்டில் இருந்ததை நெடுநேரம் அளைந்தார்கள். படிப்பிலும் பழகுவதிலும் ஆர்வம் போனது. பட்டினியே மனதை இப்படி மாற்றும் என்றால், "ஒழுங்கா சாப்பிடு" என்ற திட்டு மட்டும் எப்படி உதவும்?

என்ன செய்யலாம்?

'இளைச்சிட்ட', 'குண்டாயிட்ட' பேச்சை நிறுத்துங்கள். "ஏன் இப்பல்லாம் ஃப்ரெண்ட்ஸோட வெளிய போறதில்ல?" என்று தொடங்குங்கள். மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மயக்கம், நெஞ்சு படபடப்பு இருந்தால் உடனே மருத்துவமனைதான். டெலி மானஸ் 14416 எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.