பம்புசெட்டுக்குக் கம்பியில்லாக் கருவி

கிணற்று மேட்டிலுள்ள மோட்டாரை வீட்டிலிருந்தபடியே ஓட்டவும் நிறுத்தவும் உதவும் செல்பேசி ஸ்டார்ட்டர்கள் குடியானவர்களிடையே பரவி வருகின்றன. மண்ணின் ஈரத்தை அளந்து வானலை வழியாக அறிவிக்கும் கருவிகளும் வந்துள்ளன. இவற்றைக் கண்டு, இனிக் கம்பியே வேண்டுவதில்லை என எண்ணுவோரும் உளர். அவ்வெண்ணம் முற்றும் சரியன்று.

கம்பியில்லாச் செய்தி வேளாண்மைக்குப் புதியதன்று. 1960-களில் திருச்சி வானொலியின் வாயிலாகப் பரவிய ஆடுதுறை 27 நெல்லை, தஞ்சைக் குடியானவர்கள் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர். இப்போதைய கருவிகளின் அநுகூலங்களும் சிறியனவல்ல. இரவில் மின்சாரம் வரும் நேரம் பார்த்து, பாம்புக்கும் பள்ளத்திற்கும் அஞ்சி வரப்பில் நடக்கும் தொல்லை குறைகிறது. வீட்டிற்கும் கிணற்றிற்கும் இடையே விசைக் கம்பி இழுக்கும் செலவு இல்லை. அதை எலி கடிப்பதும், கலப்பை அறுப்பதும், திருடர் வெட்டுவதும் இல்லை. 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையை உரிமமின்றிக் கையாள 2005-ல் மத்திய அரசு இடமளித்ததால், ஈரமானி போன்ற சிறு கருவிகளை அமைப்பதும் எளிதாயிற்று.

எனினும் பிரதிகூலங்களையும் எண்ணுதல் வேண்டும். செய்தி வானில் செல்லலாம். மோட்டாரைச் சுழற்றும் மின்சாரம் கம்பியில்தான் வரும். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரை கடந்தபோது, டெல்டாவில் மின்கம்பங்கள் சாய்ந்தன. செல்பேசிக் கோபுரங்களும் ஓய்ந்தன. கம்பியில்லாச் செய்தியும் கம்பியை நம்பியே நிற்கிறது என்பது அப்போது விளங்கிற்று.

மேலும், இலைகளிலுள்ள நீர் வானலையை வலுவிழக்கச் செய்யும். நடவின்போது ஒழுங்காய் அறிவித்த ஈரமானி, கரும்பு ஆளுயரம் வளர்ந்தபின் மௌனமாகலாம். பேட்டரியையும் அவ்வப்போது மாற்றவேண்டும். இவற்றினும் பெரிது, சேவை முறை மாறுவது. அமெரிக்காவில் 2022-ல் பெரிய நிறுவனங்கள் மூன்றாம் தலைமுறைச் சேவையை நிறுத்தியபோது, அதை மட்டுமே நம்பியிருந்த கருவிகள், பழுதொன்றுமில்லாமலே, தொடர்பிழந்தன. செம்புக் கம்பிக்கு இத்தகைய ஆபத்து இல்லை.

ஆகையால் செய்தியை வானலைக்கு விடலாம், காவலை விடலாகாது. மூன்று பேஸில் ஒன்று தவறினாலும், கிணற்றில் நீர் வற்றினாலும், மோட்டாரைத் தானே நிறுத்தும் காப்புக் கருவிகள் ஸ்டார்ட்டர் பெட்டியிலேயே கம்பியால் இணைக்கப்பட்டிருத்தல் அவசியம். சிக்னல் கிடைத்து, செய்தி வந்து, பின் நிறுத்துவதற்குள் மோட்டார் கருகிவிடும். கையால் இயக்கும் விசையையும் அகற்றலாகாது. பழுது பார்க்க வருவோர், முதலில் மெயின் சுவிட்சை நிறுத்திய பின்னரே பெட்டியைத் தொடவேண்டும். தொலைவிலிருப்பவர் அறியாமல் மோட்டாரை ஓட்டிவிடக்கூடும்.

வாங்குமுன், கிணற்றடியில் எந்தத் தலைமுறைச் சேவை நன்கு கிட்டுகிறது, கருவி எதில் இயங்கும் என்பதைக் கேட்டறிதல் நலம். பல கிணறுகள் உடையவர் முதலில் ஒன்றில் ஒரு போகம் சோதித்துப் பார்க்கலாம். ஊரார் குடிநீர்த் தொட்டிக்கு இதை அமைக்கும் கிராம அதிகாரிகள், கருவி வந்ததென்று மோட்டார் காவலரை நீக்கிவிடலாகாது. செல்பேசி சும்மா இருக்கும் நாளில் ஊருக்குத் தண்ணீர் தருபவர் அவரே.